அப்பா உன் பேச்சைக் கேட்டார்

பாப்பா,

போன வியாழக்கிழமை மத்தியானம் ரமேஷ் எனக்குப் போன் பண்ணினார். அவரிடம் இதைப் பற்றிச் சண்டை பிடிக்காதே. பாவம், உனக்குத் தெரியாமல்தான் பண்ணினார். கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது மாப்பிள்ளை தனியாகக் கூப்பிட்டால் எந்தத் தாயும் பயப்படத்தான் செய்வாள். மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன பெண்களின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் அப்போதுதான் தூங்க வைத்திருந்தேன். தொட்டில்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. போனை எடுத்துக்கொண்டு வெளியே தண்ணீர் கொட்டுகிற பீலிப் பக்கம் போய் நின்றேன். “அத்த, ஒண்ணு கேக்கணும், தப்பா நினைச்சுக்காதீங்க. அவளுக்கு என்னையப் பிடிச்சிருக்கா?” என்று கேட்டார்.

ஏன் தம்பி அப்படிக் கேக்குறீங்க என்றேன். நீங்கள் இரண்டு பேரும் கூறைச் சேலை எடுக்கப் போனீர்களாம். எந்த நிறம் என்று கேட்டால் ‘உங்க இஷ்டம்’ என்றாயாம். வீடு வத்தளைப் பக்கம் பார்க்கலாமா, வெள்ளவத்தைப் பக்கம் பார்க்கலாமா என்று கேட்டால் ‘உங்க இஷ்டம்’. அது பரவாயில்லை என்றார் அவர். அவர் மனதைக் குத்தியது வேறொன்று. காலையில் உன்னை வேலைக்கு ஏற்றிப்போகிற அவருடைய மோட்டார் சைக்கிள் மூன்று நாளாகக் கிளம்பாமல், உன் கண்முன்னாலேயே அதைத் தெருவில் தள்ளித் தள்ளி ஓடினாராம். பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதுப் பேட்டரியும் வாங்கிப் போட்டாராம். அதுவும் இறங்கிவிட்டதாம். நான்காவது நாள்தான் நீ மெதுவாகச் சொன்னாயாம், பேட்டரியில் குறை இல்லை, வண்டி ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏறவில்லை என்று. “மொத நாளே சத்தத்துலேயே தெரிஞ்சுச்சாம் அத்த. பின்ன ஏன் சொல்லலன்னு கேட்டேன். ‘சொன்னா கேப்பீங்களா’ன்னு கேட்டுட்டு அங்கிட்டுப் பாக்க ஆரம்பிச்சிட்டா. நான் என்ன தப்பு செஞ்சேன்னு எனக்கு வெளங்கல.”

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, பாப்பா. அவரிடம் என்ன சொல்லிப் போனை வைத்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. பீலித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். ஐந்து வருசமாக நான் மூடி வைத்திருந்தது இப்போது முன்பின் தெரியாத ஒரு நல்ல பிள்ளையின் வாழ்க்கைக்குள்ளும் போய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது. இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன், குழந்தைகள் தூங்கும் நேரத்தில் மட்டும். எழுதியதைத் திருப்பிப் படித்தால் கிழித்துவிடுவேன் என்று படிக்காமலே எழுதிக்கொண்டு போகிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்.

சின்ன வயதில் உன் வாயை மூட இந்த லயத்தில் ஆள் கிடையாது. கங்காணி தாத்தா கணக்குத் தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்துவாய். கோயிலில் மைக் கரகரத்தால் போய் வயரை ஆட்டிப் பார்ப்பாய். பள்ளிக்கூடம் முடித்து, ஹட்டனில் வாகன மின்வேலைப் படிப்புக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். பொம்பளப் பிள்ளை கையில் கிரீஸைப் பூசிக்கொண்டு வண்டிக்கடியில் படுப்பதா என்று இரண்டு நாள் சமைக்காமல் கிடந்தேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது அப்பா. “படிக்கட்டும். எனக்கு வேன் ஓட்டத் தெரியும், அது எப்படி ஓடுதுன்னு தெரியாது. வீட்டுல ஒருத்தருக்காவது தெரியட்டுமே” என்றார். அந்த வகுப்பில் பத்தொன்பது பையன்கள், நீ ஒருத்தி. முதல் மாதம் முழுக்க உன்னைத் தரை கூட்டவும் தேத்தண்ணி ஊற்றவும்தான் சொன்னார்கள் என்று பிறகு அப்பாதான் எனக்குச் சொன்னார். நீ என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நின்றுவிடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ எங்கிருந்தோ ஒரு பழைய ஆல்டர்நேட்டரைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தாய். அப்பா அதை டைனமோ என்பார். நீ ஒவ்வொரு தடவையும் திருத்துவாய். முன்காம்பராவில் பேப்பரை விரித்து அதைக் கழற்றிப் பரப்பினாய். அப்பா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் அடுப்படியில் நின்று முணுமுணுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே மனதில் நிற்கிறது. நடுவில் சுற்றுகிற உருளையைக் காட்டி, இது சும்மா இருந்தால் வெறும் இரும்பும் செம்புக்கம்பியும்தான் என்றாய். சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம், பிரஷ் என்கிற இந்த இரண்டு கரித்துண்டு வழியாக உள்ளே போகும், அப்போதுதான் இது காந்தமாகும் என்றாய். இன்ஜின் ஓடும்போது பெல்ட் இதைச் சுற்றும். சுற்றிலும் இருக்கிற செம்புக்கம்பிக்குள் காந்தம் சுழன்றால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். ஆனால் அது போவதும் வருவதுமாகத் திசை மாறிக்கொண்டே இருக்கும், பேட்டரி அதை ஏற்றுக்கொள்ளாது. டயோட் என்கிற சின்னச் சின்னக் குமிழ்கள் அதை ஒரே திசையில் மட்டும் போகவிடும். அளவு பதினான்கு வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும்படி ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும்.

“அப்ப பேட்டரிதான் வண்டியை ஓட்டுதுன்னு நான் இத்தன வருசமா நினைச்சுக்கிட்டு இருக்கேனே” என்றார் அப்பா. “இல்லப்பா. பேட்டரி ஸ்டார்ட் பண்ணத்தான். ஓட ஆரம்பிச்சிட்டா லைட்டு, வைப்பர், ஹோர்ன் எல்லாத்துக்கும் இதுதான் குடுக்கும். பேட்டரியில இருந்து எடுத்ததையும் இதுதான் திருப்பிக் குடுக்கும். இது நின்னுட்டா பேட்டரியில இருக்குறது தீர்ற வரைக்கும்தான் வண்டி.” பிறகு எல்லாவற்றையும் பூட்டி, பேட்டரி வயரை மாட்டி, கப்பியில் கயிற்றைச் சுற்றி அப்பாவை இழுக்கச் சொன்னாய். அவர் விசுக்கென்று இழுத்தார். சின்ன பல்பு ஒன்று ஒரு கணம் மினுக்கென்றது. அவர் துள்ளி எழுந்து பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு வந்து, மறுபடியும் மறுபடியும் கயிற்றை இழுத்துக் காட்டினார். “எம் மக செஞ்சது, எம் மக செஞ்சது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சிமெண்டுத் தரையில் கறை பட்டுவிட்டது என்று கத்தினேன். அன்றைக்கு நான் செய்தது அது ஒன்றுதான்.

இனி எழுதப் போவதில் பாதி உனக்குத் தெரியும். தெரியாத பாதிதான் நான் செய்தது.

ஐந்து வருசத்துக்கு முன் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா வேனை நிறுத்திவிட்டு வரும்போதே நீ ஓடிப்போய்ப் பார்த்தாய். பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் இன்ஜின் ஓடும்போது அணைந்துவிட வேண்டும். அது அரைகுறையாக மினுங்குகிறது என்றாய். மீட்டரைக் கொண்டுவந்து பேட்டரியில் வைத்தாய். பதினான்கு காட்ட வேண்டிய இடத்தில் பன்னிரண்டுதான் காட்டியது. லைட்டைப் போடச் சொன்னாய், அதற்கும் கீழே இறங்கியது. “பிரஷ் தேஞ்சிருக்கும்ப்பா. ஒரு நேரம் படும், ஒரு நேரம் படாது. ஞாயித்துக்கிழமை நான் கழட்டிப் பாக்குறேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. வெயில்ல சும்மா போனா பரவால்ல. மழையும் மிஸ்டுமா மூடிக்கிட்டு இருந்து வைப்பரு, லைட்டு எல்லாம் போட்டீங்கன்னா மொதல்ல வைப்பரு மெதுவாகும், அப்புறம் லைட்டு மங்கும், கடைசியா வண்டியே நின்னுரும்” என்றாய். அப்பா “சரி பாப்பா” என்றார். மறுநாள் காலை நீ வகுப்புக்குப் போனாய். சாயங்காலம் திரும்பி வரும்போது அப்பா இல்லை. உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

தெரியாதது இது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் அப்பா வண்டியை எடுக்கவில்லை. தினமும் ஏற்றிப்போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளை எஸ்டேட்டின் மேல்கணக்குப் பிரிவிலிருக்கிற வேன்காரர் ஒருவரிடம் சொல்லி ஏற்றி அனுப்பிவிட்டார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்குப் போய்க் கத்தரிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். உன் சொல்லை அவ்வளவுக்கு எடுத்துக்கொண்டார், பாப்பா. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை, என் அண்ணன், உன் மாமா, மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் கட்டிய புது வீட்டில் குடிபுகுகிற நாள். அதற்கு முதல் நாளே, வெள்ளிக்கிழமை, ஹட்டனிலிருந்து நாற்காலியும் சமையல் பாத்திரமும் ஏற்றிவர அப்பாவின் வேனைத்தான் பேசி வைத்திருந்தோம். வண்டி சரியில்லை என்று யாரோ மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர் போன் பண்ணினார். “மச்சானுக்குக் கஷ்டமா இருந்தா விட்டுரு. நான் ஒரு லொறி பாத்துக்கிறேன்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் அது வேறு மாதிரிக் காதில் விழுந்தது. என் அண்ணன் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். நான் ஒரு டிரைவரைக் கட்டிக்கொண்டேன் என்று என் கல்யாணத்துக்கு வராதவர். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது, அவர் மறந்தும்விட்டார். நான் மறக்கவில்லை. அந்தப் புது வீட்டு வாசலில், சொந்தக்காரர் எல்லோரும் பார்க்க, என் புருஷனுடைய வேன் வந்து நிற்க வேண்டும் என்று ஒரு மாதமாக மனதுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதற்காக வேனைக் கழுவி வைக்கச் சொல்லியிருந்தேன்.

அப்பாவைத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டேன். தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே சொன்னேன். “பாப்பா எடுக்க வேணாம்னு சொல்லியிருக்கு. மழ வேற இறங்கப் போகுது” என்றார்.

“பத்தொம்பது வயசுப் புள்ள சொல்லுச்சுன்னு எங்க அண்ணன் வீட்டுல நான் தல குனியணுமா?”

“அது சும்மா சொல்லல. மீட்டர் வச்சுக் காட்டுச்சு. நானும் பாத்தேன்.”

“காலையில ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்கதானே? ஸ்டார்ட் ஆச்சா இல்லையா?”

“ஸ்டார்ட் ஆகும். அதான் அது சொல்லுச்சே, ஸ்டார்ட் ஆகுறதுக்கும் சார்ஜ் ஆகுறதுக்கும் சம்பந்தமில்லன்னு.”

அவர் பொறுமையாகச் சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம் ஏறியது. நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். “சரி, நீங்க இருங்க. மக சொன்னா வேதம், பொண்டாட்டி சொன்னா குப்பை. நானே போய்ச் சொல்றேன் எங்க அண்ணன்கிட்ட, ‘நீ அன்னைக்குச் சொன்னது சரிதான், இந்த ஆளால ஒண்ணும் ஆகாது’ன்னு.”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அடி வாங்கிய மாதிரிப் பார்த்தார். பாதித் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவி, ஆணியிலிருந்த சாவியை எடுத்தார். “பாப்பாகிட்ட சொல்லாத. கோவிச்சுக்கும். அது வர்றதுக்குள்ள வந்துர்றேன்” என்றார். நான் வாசலுக்குக்கூடப் போகவில்லை. வேன் இறக்கத்தில் போகிற சத்தம் கேட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஹட்டனில் சாமான் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மூன்று மணி இருக்கும். நோர்வூட் தாண்டியதும் மழை கொட்டியிருக்கிறது. மலையெல்லாம் மூடி, பக்கத்தில் வருகிற ஆள் தெரியாத அளவுக்கு மிஸ்ட். பகலிலேயே லைட்டும் வைப்பரும் போட்டுத்தான் வர முடியும். ஒரு வளைவு தாண்டியதும் வேன் நின்றுவிட்டது. பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கை காட்ட விளக்கு எரியவில்லை. நம் பக்கத்து டிரைவர்கள் செய்வது போல மரக்கொப்பு ஒன்றை முறித்து, வண்டிக்குப் பின்னால் ரோட்டில் போட்டுவிடலாம் என்று இறங்கியிருக்கிறார். கொப்பை இழுத்துக்கொண்டு வளைவுப் பக்கம் நடந்தபோதுதான் அந்த லொறி வந்தது. அந்த லொறிக்காரர் வேகமாக வரவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கோர்ட்டில் என் காலில் விழப் போனார். “இலை தெரிஞ்சுதும்மா, ஆள் தெரியலம்மா” என்று அழுதார். அவரை நான் மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். எல்லோரும் என்னைப் பெரிய மனசுக்காரி என்றார்கள். அங்கே யார் யாரை மன்னிக்க வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாம் நாள், சொந்தக்காரர் நிறைந்திருந்த வீட்டில் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். “நான் சொன்னேனேம்மா. சரின்னு சொன்னாரே. பின்ன ஏம்மா போனாரு?” என்று கேட்டாய். மாமா எதிரில் இருந்தார். அவர் மனைவி, என் மதினியும் இருந்தார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது, “அவரு என்னைக்கு யார் பேச்சக் கேட்டாரு, உன் பேச்சக் கேக்க?” என்று. இறந்து மூன்று நாள் ஆன மனுசன்மேல் பழியைப் போட்டேன். நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை. தலையை இரண்டு தரம் ஆட்டினாய். எழுந்து போய் வாசலில் கிடந்த செருப்புகளை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தாய். அதற்குப் பிறகு நீ யாரையும் திருத்தி நான் பார்க்கவில்லை.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒன்றரை மாதம் கழித்துப் போலீஸ் நம் வேனைத் திருப்பிக் கொடுத்தது. ஹட்டனில் ஒரு கராஜுக்கு இழுத்துப்போனார்கள். நான் தனியாகப் போனேன். எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. நீ சொன்னது தப்பாக இருக்க வேண்டும், வண்டி நின்றதற்கு வேறு ஏதாவது காரணம் இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே போனேன். அங்கே இருந்த மெக்கானிக் பாஸ் ஒரு வயதான சிங்களவர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். ஆல்டர்நேட்டரைக் கழற்றி என் முன்னாலேயே திறந்தார். “இந்தாங்க அக்கா, பாருங்க” என்று ஒரு கரித்துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். இருக்க வேண்டிய நீளத்தில் கால்வாசிகூட இல்லை. அது போய்ப் படவேண்டிய செம்பு வளையம் கருகிக் கிடந்தது. இது படாவிட்டால் உள்ளே காந்தம் இல்லை, காந்தம் இல்லாவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் மின்சாரம் இல்லை என்றார். டீசல் போகிற வழியைத் திறந்து வைத்திருப்பதும் மின்சாரம்தான், பேட்டரி அடியோடு இறங்கியதும் அந்த வழி மூடியிருக்கும், அதனால்தான் இன்ஜின் நின்றது என்றார்.

“முன்னாடியே யாரும் பாக்கலியா?” என்று கேட்டார். எம் மக பாத்துச்சு என்றேன். மீட்டரில் பன்னிரண்டுக்கு மேல் ஏறவில்லை, பிரஷ் தேய்ந்திருக்கும் என்று முதல் நாளே சொல்லிச்சு என்றேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “கழட்டாமலே சொல்லிச்சா? அந்தப் புள்ளய இங்க அனுப்புங்க அக்கா. எனக்கு அப்படி ஒரு ஆள் வேணும். பொம்பளப் புள்ளன்னு ஒருத்தனும் இங்க வாய் தொறக்க மாட்டான், நான் பாத்துக்கிறேன்” என்றார். இரண்டு தடவை சொன்னார். பஸ்ஸில் வரும்போது அந்தக் கரித்துண்டு என் கையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய், என்னம்மா சொன்னாங்க என்று. “பழைய இரும்புன்னு சொன்னாங்க” என்றேன். நீ சொன்னது சரி என்று தெரிந்தால், இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு அப்பா ஏன் போனார் என்று நீ மறுபடியும் கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அந்த வேலையையும் உன்னிடமிருந்து மறைத்தேன். அடுத்த மாதம் நீ படிப்பை நிறுத்தினாய். மீட்டரையும் ஸ்பேனர்களையும் பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கொழும்பில் புடவைக் கடைக்குப் போனாய். பஸ் ஏறும்போது “நான் போறது உங்களுக்குப் பரவால்லியாம்மா?” என்று கேட்டாய். நான் பரவாயில்லை என்றேன். நீ பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்கும் மூச்சு விடலாம் போல இருந்தது. பெற்ற தாய் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதே. நினைத்தேன்.

உன் கல்யாணத்துக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் இதைச் செய்தவள் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். ரமேஷிடம் பேசு. அவர் மூன்று நாள் வண்டி தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. அவர் கேட்காமல் போனால் சண்டை பிடி, மறுபடியும் சொல். உன் பேச்சைக் கேட்காத ஆம்பிளைதான் அப்பா என்று நினைத்துக்கொண்டு நீ இன்னொரு ஆம்பிளையோடு வாழப் போகக் கூடாது. அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. அதோடு இன்னொன்று. அவர் மனதில் எங்கே அடித்தால் வலிக்கும் என்று போகப் போக உனக்குத் தெரியவரும். எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் அந்த இடத்தில் மட்டும் கை வைக்காதே. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் வைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதவேண்டும் என்றுதான் நான்கு நாளாகச் சுற்றி வருகிறேன்.

வேன் நின்ற பிறகு அப்பா எனக்குப் போன் பண்ணினார். கடைசியாகப் பேசியது என்னிடம்தான் என்று போலீஸ் சொன்னபோது, வர நேரமாகும் என்று மட்டும் சொன்னார் என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய். மழைச் சத்தத்தில் அவர் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்டது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். என்மேல் ஒரு கோபமும் இல்லை. “இந்தா, வண்டி நின்னுருச்சு. பாப்பா சொன்ன மாதிரியே ஒண்ணு ஒண்ணா நடந்துச்சு. மொதல்ல வைப்பரு, அப்புறம் லைட்டு, அப்புறம் இன்ஜின். அச்சுப் பிசகாம சொல்லியிருக்கு பாரு! இந்த ரோட்டுல இருவது வருசமா ஓட்டுறேன், எனக்குத் தெரியல, அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அது வகுப்புல இருந்து வந்ததும் சொல்லிரு, அப்பா ஒத்துக்கிட்டாருன்னு. நீ சொன்னதுதான் சரி, இனிமே நீ சொல்லாம வண்டிய எடுக்க மாட்டாராம்னு சொல்லு.” நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? “அதெல்லாம் இருக்கட்டும், பாத்திரம் நனையாம பாத்துக்குங்க” என்றேன். அவர் “சரி, சரி” என்றார். அவ்வளவுதான்.

இது உனக்கு வந்த சேதி. என்னிடம் கொடுத்தனுப்பினார். ஐந்து வருசம் நான் கொடுக்கவில்லை.

நாளைக் காலையில் மஸ்கெலியாவுக்குப் போய் இதைத் தபாலில் போடுகிறேன். மாமாவிடம் இன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மணவறையில் நான் நிற்பது உனக்குச் சரிப்படாவிட்டால், அவரும் மதினியும் நின்று தாரை வார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். போனிலேயே உன்னிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ “பரவால்லம்மா, விடுங்க” என்று சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும். என் அழுகை காதில் விழாமல் நீ இதைப் படிக்க வேண்டும், பாப்பா. படித்துவிட்டு உனக்கு எவ்வளவு கோபம் வருமோ அவ்வளவும் வரட்டும்.

அம்மா